கீமோவே மூலிகைதான்: ஒரு 70 வருஷக் கதை

1/ "டாக்டர், அம்மாவுக்கு கீமோ போயிட்டு இருக்கு. கூடவே ஒரு மூலிகைப் பொடி கொடுக்கலாமா? மூலிகைதானே, சைட் எஃபெக்ட் இருக்காதுல்ல?"

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்காமலே கொடுப்பவர்களும் நிறைய. ஒரே வார்த்தையில் பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி 70 வருஷ வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா எந்த டப்பாவைப் பார்த்தாலும் என்ன கேட்கணும்னு உங்களுக்கே பிடிபடும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க.

2/ நித்தியகல்யாணி எல்லாருக்கும் தெரியும். ரோட்டோரம், வேலியோரம், சுடுகாட்டோரம் எங்கேயும் தானா முளைச்சு வருஷம் முழுக்கப் பூக்கும். சில ஊர்களில் சுடுகாட்டு மல்லின்னே பேர். ஆடு மாடு வாய் வைக்காது. பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. நம்ம தென் மாவட்டங்களில் இதை மானாவாரியில் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஏன்? அங்கேதான் கதை ஆரம்பிக்குது.

3/ 1952. கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர். அவருடைய அண்ணன் கிளார்க் நோபிளும் மருத்துவர். கிளார்க்குக்கு ஜமைக்காவில் இருந்து ஒரு தபால் உறை வருது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள். "இங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயம் வெச்சுக் குடிக்கிறாங்க, சோதிச்சுப் பாருங்க" என்று தகவல். அவர் அதை ராபர்ட்டிடம் கொடுக்கிறார்.

4/ ராபர்ட் நோபிள் இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்க்கிறார். சர்க்கரை குறையவில்லை. சரி, ஊசியாகப் போட்டுப் பார்ப்போம் என்று போடுகிறார். சில நாளில் எலிகள் செத்துப்போகுது. காரணம் கிருமித் தொற்று. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் தரைமட்டம். எலும்பு மஜ்ஜை காலி.

வேறு யாராவது இருந்தால் "விஷச் செடி" என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். நோபிளுக்கு வேறு யோசனை. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்தானே ரத்தப் புற்றுநோய்?

5/ 1954-ல் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் அவரோடு சேர்கிறார். இலையில் இருந்து அந்த ஒரு பொருளை மட்டும் பிரிச்சு எடுக்கிறார். அதுதான் வின்பிளாஸ்டின். அதே சமயம் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் இதே செடியைச் சோதித்துக்கொண்டிருந்தது. அங்கே கோர்டன் ஸ்வோபோடா என்பவர் இன்னொரு பொருளையும் பிரித்தார். அது வின்கிறிஸ்டின். 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

6/ 1950-களில் குழந்தைகளுக்கு வரும் லுக்கீமியா என்றால் சில மாதங்கள்தான். 1962-ல் தொடங்கி டொனால்ட் பிங்கல் போன்றவர்கள் வின்கிறிஸ்டினோடு வேறு மருந்துகளையும் சேர்த்து, ஒரு திட்டமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வசதியான நாடுகளில் இந்த வகை லுக்கீமியா வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தக் கூட்டு மருந்தில் இன்னமும் வின்கிறிஸ்டின் இருக்கு. ஆக, "மூலிகையால் கேன்சர் குணமாகுமா?" என்று கேட்டால், ஆகும். ஆகியிருக்கு. பிள்ளைகள் வளர்ந்து தாத்தா பாட்டியாகவே ஆகிட்டாங்க.

7/ "அப்போ தோட்டத்துல இருக்கிற நித்தியகல்யாணியைப் பறிச்சுக் கஷாயம் வெச்சா போதுமே டாக்டர்?"

இங்கேதான் கணக்கு வருது. 1 கிராம் வின்கிறிஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேணும். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு வழக்கமான உச்ச அளவு 2 மில்லிகிராம். அதாவது ஒரு ஊசிக்குள்ளே சுமார் ஒரு கிலோ காய்ந்த இலையின் சத்து. அந்த இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகளும் இருக்கு. ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வொரு வேலை செய்யும்.

8/ இன்னொன்றும் இருக்கு. வின்கிறிஸ்டினை வாய்வழியாகக் கொடுத்தால் சரியாக ரத்தத்தில் சேராது. நரம்பில் ஏற்றினால் உயிர் காக்கும். அதே மருந்து தவறுதலா முதுகுத்தண்டு நீருக்குள் போய்விட்டால் உயிரையே எடுத்துவிடும். அளவு கொஞ்சம் கூடினால் கை கால் மரத்துப்போகும், குடல் இயக்கம் நின்றுபோகும்.

ஒரே பொருள்தான். எவ்வளவு, எந்த வழியில், யாருக்கு, எதோட சேர்த்து என்பதைப் பொறுத்து மருந்தாகுது அல்லது நஞ்சாகுது.

9/ இதே காலகட்டத்தில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960-ல் பெரிய வேலை ஒன்றை ஆரம்பித்தது. உலகம் முழுக்கச் செடிகளைச் சேகரித்துச் சோதிப்பது. சுமார் 20 வருஷத்தில் 35,000 அளவுக்குத் தாவர மாதிரிகள். "ஆங்கில மருத்துவம் மூலிகையைச் சீண்டவே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் இந்த எண்ணைச் சொல்லுங்க. சீண்டினார்கள். சலித்தே எடுத்தார்கள். ஆனால் அதில் மருந்தாகி வந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

10/ அந்த விரல்களில் ஒன்று, 1962-ல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் உரித்து எடுத்த பசிபிக் யூ மரத்தின் பட்டை. வட கரோலினாவில் மன்ரோ வாலும், மகாராஷ்டிராவில் பிறந்த மன்சுக் வாணியும் அதில் இருந்து ஒரு பொருளைப் பிரித்து, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அதுதான் டாக்ஸால் என்கிற பக்லிடாக்செல். 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் அது செல்லுக்குள் எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடித்தார். சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது 1992-ல். பட்டையை உரித்ததில் இருந்து 30 வருஷம்.

11/ இத்தனை வருஷம் ஏன்? டாக்ஸால் தண்ணீரில் கரையவே கரையாது. கரைக்க வேறு திரவம் வேணும். அந்தத் திரவம் ஏறினதும் ஆரம்ப நோயாளிகள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை. அதனால்தான் இன்னைக்கும் இந்த ட்ரிப் ஏறுவதற்கு முன்னாடி ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போடுறாங்க. அந்த முன் ஊசிகளுக்குப் பின்னாடி இப்படி ஒரு வரலாறு இருக்கு.

12/ இதே வாலும் வாணியும் 1966-ல் சீனாவின் ஒரு மரத்தில் இருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளையும் கண்டுபிடித்திருந்தார்கள். அதைத் திருத்தி உருவான மருந்துதான் இரினோடெகான். பெருங்குடல் புற்றுநோய்க்கு இன்னைக்கும் கொடுக்கிறோம். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

13/ இதுவரை சொன்னது சலித்து எடுத்த கதை. இனிமே சலிக்காமல் விற்ற கதை.

1950-களில் அமெரிக்காவில் லேட்ரில் என்று ஒன்று வந்தது. ஆப்ரிகாட் பழக் கொட்டைப் பருப்பில் உள்ள அமிக்டலின்தான் அடிப்படை. "வைட்டமின் பி17" என்று பேர் வைத்தார்கள். அது வைட்டமினே இல்லை. வைட்டமின் குறைபாட்டால்தான் கேன்சர் வருதுன்னு சொன்னால் நம்ப எளிது, அவ்வளவுதான். வயிற்றுக்குள் போனால் அதில் இருந்து சயனைடு வெளிவரும்.

14/ மக்கள் அழுத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் அதைச் சட்டபூர்வமாக்கின. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் மெக்சிகோவுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டார். 1980-ல் இறந்துபோனார்.

சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று அரசு நிதியில் 178 நோயாளிகளிடம் முறையான ஆய்வு நடந்தது. 1982-ல் முடிவு வந்தது. ஒருவருக்கும் குணமாகவில்லை. சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது.

15/ 1994-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. சப்ளிமெண்ட் என்று பேர் போட்டால், விற்பதற்கு முன்னாடி அது வேலை செய்யுதுன்னு நிரூபிக்க வேண்டாம். இரண்டே வருஷத்தில், 1996-ல், கலிஃபோர்னியாவில் இருந்து ஒரு மாத்திரை வந்தது. பேர் பிசி-ஸ்பெஸ். பிசி என்றால் புரோஸ்டேட் கேன்சர். ஸ்பெஸ் என்றால் லத்தீனில் நம்பிக்கை. அதிமதுரம், ஜின்செங் உட்பட எட்டு மூலிகைகள். "நூறு சதவீதம் இயற்கை" வகை.

16/ இந்த இழையிலேயே முக்கியமான கதை இதுதான், ஏன்னா இந்த மாத்திரை வேலை செய்தது! 1998-ல் பெரிய மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. எட்டு நோயாளிகள். எட்டு பேருக்கும் பிஎஸ்ஏ அளவு இறங்கியிருந்தது. மருத்துவர்களே உற்சாகம் ஆனார்கள். அரசு ஆய்வுக்கு நிதி கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

17/ ஆனால் அந்தக் கட்டுரையிலேயே ஒரு நெருடல் இருந்தது. ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது. மார்பில் வலி. ஒருவருக்குக் காலில் ரத்த உறைவு. இது பெண் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் வருகிற விளைவுகள். அப்புறம் 2001-ல் இன்னொரு செய்தி. இதைச் சாப்பிட்ட ஒருவருக்கு ரத்தம் உறையாமல் கசிவு. ஒரே மாத்திரையால் ஒருவருக்கு ரத்தம் கட்டுது, இன்னொருவருக்குக் கட்டாமல் ஓடுது. எப்படி?

18/ ஆய்வுக்கூடத்தில் மாத்திரையை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே டிஇஎஸ் இருந்தது. 1940-களில் இருந்தே புரோஸ்டேட் கேன்சருக்குக் கொடுக்கப்பட்ட, செயற்கையான பெண் ஹார்மோன். ரத்த உறைவு வருதுன்னுதான் மருத்துவர்கள் அதைக் குறைத்துக்கொண்டார்கள். கூடவே வார்ஃபரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. இன்டோமெதசின் என்ற வலி மாத்திரையும். பழைய லாட்களில் டிஇஎஸ் அதிகம், புதிய லாட்களில் குறைவு. ஒரு டப்பா மாதிரி இன்னொரு டப்பா இல்லை.

2002 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் நின்றன.

19/ இதில் ஏமாந்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. படித்தவர்கள், இணையத்தில் தேடி, மற்ற நோயாளிகளிடம் விசாரித்து வாங்கினவர்கள். பிஎஸ்ஏ இறங்கினதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் பார்த்தது பொய் இல்லை. லேபிள்தான் பொய். "எங்க மாமாவுக்குக் கேட்டுச்சு டாக்டர்" என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. கேட்டிருக்கலாம். எது கேட்டுச்சுங்கறதுதான் கேள்வி.

20/ கலப்படம்தான் பிரச்சினை, சுத்தமான மூலிகை என்றால் சரியா? அதே 2002-ல் நெதர்லாந்தில் இருந்து வந்த ஆய்வைப் பாருங்க. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடியின் மாத்திரை சாப்பிடுவார்கள். கலப்படம் இல்லாத சரக்கு. இரினோடெகான் ஏறும் ஐந்து நோயாளிகளுக்கு அதையும் சேர்த்துக் கொடுத்து அளந்தார்கள். கேன்சர் செல்லைக் கொல்லும் பொருளின் அளவு ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்துபோனது.

21/ ஏன்? அந்த மூலிகை, கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் ஒரு நொதியை முடுக்கிவிடுது. கீமோ வந்த வேகத்தில் கழிவாகிப் போகுது. சீன மரத்தில் இருந்து வந்த மருந்தை ஐரோப்பியப் பூ ஒன்று கலைத்துவிட்டது. மூலிகையை மூலிகையே தோற்கடித்த கதை.

இதில் பயமுறுத்துற இடம் எது தெரியுமா? மூலிகையோட சேர்த்து எடுத்தப்போ அந்த நோயாளிகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைவது கம்மியா இருந்தது. நோயாளிக்கு எப்படித் தோணும்? "இந்த மாத்திரை சாப்பிட்டதும் கீமோ சைட் எஃபெக்ட் குறைஞ்சிடுச்சு, நல்ல மாத்திரை!" உண்மையில் கீமோவே பாதி உள்ளே இல்லை.

22/ நம்ம வீட்டுக்கு வருவோம். மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் சரியாகச் சேராது. 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது மனிதர்களில் அது 20 மடங்கு கூடியது. அதனால்தான் இப்போ கடையில் கிடைக்கும் பல குர்குமின் மாத்திரைகளில் மிளகுச் சாறும் இருக்கு.

குர்குமின் உடைவதைத் தடுக்கும் பைப்பரின், மற்ற மருந்துகள் உடைவதையும் தடுக்க வல்லது. வின்கிறிஸ்டினும் டாக்ஸாலும் கல்லீரலில் உடைந்துதான் வெளியே போகணும். உடையாமல் தங்கினால்? 8-ஆம் பதிவில் சொன்ன மரத்துப்போதலை ஒரு தடவை திரும்ப வாசிங்க.

23/ உடனே ரசத்தை நிறுத்திடாதீங்க! குழம்பில் மஞ்சள், ரசத்தில் மிளகு, தாராளமா சாப்பிடுங்க. சமையலில் போகும் அளவு வேறு. செறிவூட்டி மாத்திரையில் அடைத்த அளவு வேறு. பிரச்சினை அடுப்பங்கரையில் இல்லை, டப்பாவில்.

24/ சீந்தில் கொடியையும் சொல்லணும். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று வீடு வீடாகக் குடித்தார்கள். 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த வருஷம் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. குடிச்ச எல்லாருக்கும் வராது. ஆனால் கீமோவில் இருப்பவருக்குக் கல்லீரல் எண் கூடினால் அடுத்த சுற்று தள்ளிப்போகும், அல்லது அளவைக் குறைக்கணும். அவருக்கு ஒவ்வொரு சுற்றும் முக்கியம்.

25/ அப்போ நல்லது எதுவுமே இல்லையா? இருக்கு. 2012-ல் வெளியான ஆய்வில் 576 நோயாளிகள் பங்கேற்றார்கள். வழக்கமான வாந்தி மருந்தோடு தினம் அரை கிராம் முதல் 1 கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் கீமோ நாளில் குமட்டல் குறைந்தது. 2013-ல் 364 பேர் பங்கேற்ற ஆய்வில் அமெரிக்க ஜின்செங் தினம் 2 கிராம், எட்டு வாரத்தில் கேன்சர் அசதியைக் குறைத்தது.

கவனிங்க, இரண்டிலும் அளவு தெரியும், சரக்கு தெரியும், யாருக்கு என்று தெரியும். இரண்டுமே கட்டியைக் கரைக்கும் என்று சொல்லவில்லை. நோயாளியோட நாளைக் கொஞ்சம் சுலபமாக்குது. அதுவே பெரிய விஷயம்.

26/ சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வு அதைப் பார்த்தது. மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய். நோய் பரவாத நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேர். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். குணமாக்கக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள் என்பதுதான் வலி.

27/ நம்ம நாட்டில் 1954-ஆம் வருஷச் சட்டப்படியே கேன்சரைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது. ஆகவே "கேன்சருக்கு நூறு சதவீதத் தீர்வு" என்று வீடியோ வந்தால், விற்பவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறுகிறார். அங்கேயே மூடிடுங்க.

28/ இனி எந்தப் பொடி, லேகியம், மாத்திரை வந்தாலும் நான்கு கேள்வி:

உள்ளே என்னென்ன, எவ்வளவு என்று எழுதியிருக்கா?
கேன்சர் நோயாளிகளிடம் சோதித்திருக்காங்களா, எலியிலும் கண்ணாடித் தட்டிலும் மட்டுமா?
இப்போ ஏறுகிற மருந்தோட சேர்ந்தால் என்ன செய்யும்?
கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் உறைதல், இதில் எதையாவது தொடுமா?

பதில் தெரியாவிட்டால் சிகிச்சை முடியும் வரை வேண்டாம். அறுவை சிகிச்சை தேதி குறித்திருந்தால், இரண்டு வாரம் முன்னாடியே எல்லா சப்ளிமெண்டும் பற்றி மருத்துவரிடம் பேசிடுங்க. சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போனாலும் கீமோ சீட்டைக் காட்டுங்க. நல்ல வைத்தியர் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

29/ சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. "இதெல்லாம் ஏன் சாப்பிடுறீங்க" என்று ஒரு தடவை திட்டினால் அடுத்த தடவை அவங்க சாப்பிடுவதை நிறுத்த மாட்டாங்க, சொல்வதைத்தான் நிறுத்துவாங்க. நாம தினமும் எழுதுற சீட்டில் இருக்கும் பல கீமோ மருந்துகள் செடியில் இருந்து வந்தவைதான் என்பதை நாமும் மறந்துடக்கூடாது. கேட்போம். டப்பாவை வாங்கிப் பார்ப்போம்.

30/ வாசிக்கிற உங்களுக்கு: வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், அடுத்த ஓபிக்குக் கிளம்பும்போது ஃபைலோடு சேர்த்து அந்தப் பொடி டப்பாவையும் பையில் போட்டுக்கோங்க. அம்மாவுக்குத் தெரியாம, அப்பாவுக்குத் தெரியாம பாலில் கலந்து கொடுக்கிறதா இருந்தாலும் சரி, மருத்துவரிடம் சொல்லிடுங்க. அன்பில்தான் கொடுக்கிறீங்கன்னு எங்களுக்குத் தெரியும். என்ன கொடுக்கிறீங்கன்னும் தெரிஞ்சா போதும்.